மறதி நோயும் மருந்துச் செடிகளும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

  

கிராம முன்னேற்றம் என்றவுடன் சாலை, குடிநீர், பள்ளிக் கட்டிடம், விதை, உரம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை யாவும் மக்களின் நல்வாழ்வுக்காக ஏற்பட்டவை. அம்மக்களுள் முதியோரின் தொகை ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. பிள்ளைகள் பிழைப்பை நாடி நகரங்களுக்குச் சென்றுவிட, பல வீடுகளில் வயது முதிர்ந்தோரே விளக்கேற்றி வருகின்றனர். ஆதலின், முதுமையில் தோன்றும் ஒரு பெருநோயைப் பற்றியும், அதற்கு மருந்து என்று சொல்லப்படும் செடிகொடிகளைப் பற்றியும் இன்று நாம் சிறிது ஆராய்வோம். செடிகளைப் பயிரிடுவோர் நாம். செடிகளின் பெயரால் விற்கப்படும் பொடிகளையும் லேகியங்களையும் விலை கொடுத்து வாங்குவோரும் நாமே. இரு வகையாலும் இப்பொருள் நம்மைச் சார்ந்தது.

நோயின் தன்மை

மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் மறந்து போவது முதுமையின் இயல்பு. கண்ணாடி எதற்காக என்பதே மறந்து போவது நோய். பிறந்து வளர்ந்த ஊரில் வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பதும், உண்டதை மறந்து மீண்டும் சோறு கேட்பதும், பெற்ற மகனை யாரோ என்று நோக்குவதும் 'வயதாகிவிட்டது' என்று தள்ளிவிடத் தக்கவை அல்ல.

ஜெர்மனி நாட்டு மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1901-ம் ஆண்டில் பிராங்க்பர்ட் நகரில் இத்தகைய நோயுற்ற பெண்மணி ஒருவரைக் கண்டார். அப்பெண்மணி இறந்தபின் மூளையை நுண்பெருக்கியில் ஆராய்ந்து, அதில் படிந்திருந்த வேண்டாத பொருள்களையும், முறுக்கேறிச் சிதைந்த நரம்பணுக்களையும் 1906-ம் ஆண்டில் டியூபிங்கன் நகரில் மருத்துவர்களிடையே எடுத்துரைத்தார். அவர் பெயராலேயே இதனை அல்சைமர் நோய் என்கின்றனர். முதுமையில் அறிவு தேய்வதற்குரிய காரணங்களுள் இதுவே முதன்மையானது.

நம் நாட்டில் 60 வயது கடந்தோருள் நூற்றுக்கு 7.4 பேருக்கு இத்தகைய அறிவுத்தேய்வு உள்ளது என்றும், மொத்தம் 88 லட்சம் பேர் இவ்வாறு வாழ்கின்றனர் என்றும் 2023-ம் ஆண்டில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. 60 வயது கடந்தோர் 400 பேர் உள்ள பஞ்சாயத்து ஒன்றில் ஏறத்தாழ 30 பேருக்கு இது இருக்கக்கூடும் என்பது இதன் பொருள். அந்த 30 பேர் எவரெவர் என்பதை நாம் அறிந்திருக்கிறோமா?

நச்சுக் கொட்டையிலிருந்து பிறந்த மருந்து

செடிகளிலிருந்து இந்நோய்க்கு மருந்து கிடைக்குமா என்று கேட்டால், கிடைத்திருக்கிறது என்பதே விடை. ஆனால் அது கிடைத்த வழியை நாம் நன்கு அறிதல் வேண்டும்.

மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய நைஜீரியா நாட்டில், கலபார் என்னும் ஊர் உண்டு. அங்கு ஒரு கொடியில் விளையும் கொட்டை கொடிய நஞ்சு. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு அதனைக் கரைத்துக் கொடுப்பர். பிழைத்தால் நிரபராதி, இறந்தால் குற்றவாளி என்பது அக்காலத்து நீதி. எடின்பரோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ராபர்ட் கிறிஸ்டிசன் 1855-ம் ஆண்டில் அக்கொட்டையைத் தாமே சிறிது உண்டு அதன் விளைவைக் குறித்து வைத்தார். 1864-ம் ஆண்டில் ஜெர்மனியில் அதன் நச்சுப் பொருளைத் தனியே பிரித்தெடுத்து அதற்குப் பைசோஸ்டிக்மின் என்று பெயரிட்டனர். 1935-ம் ஆண்டில் அமெரிக்க நீக்ரோ இனத்தைச் சார்ந்த வேதியியல் அறிஞர் பெர்சி ஜூலியன் அதனைக் கொட்டையின்றியே ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார். பின்னர் மறதி நோய்க்கு அதனைக் கொடுத்துப் பார்த்தபோது, அதன் பயன் விரைவில் மறைந்தது. குமட்டலும் வாந்தியும் மிகுந்தன. எனவே அதன் அமைப்பை மாதிரியாகக் கொண்டு ரிவாஸ்டிக்மின் என்னும் புதிய மருந்தை ஆக்கினர். 2000-ம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் அதனை அல்சைமர் நோய்க்கு ஏற்றது என அனுமதித்தது. கொட்டையின் நஞ்சு தனியே பிரிக்கப்பட்டது முதல் இம்மருந்து வரை 136 ஆண்டுகள் கழிந்தன.

இரண்டாவது வரலாறு ஒரு பூச்செடியினுடையது. பனி உருகும் பருவத்தில் ஐரோப்பாவிலும் காகசஸ் மலைப்பகுதியிலும் மலரும் வெள்ளைப் பூ ஒன்று உண்டு. ஸ்னோடிராப் என்பது அதன் பெயர். வெங்காயம் போன்ற கிழங்கிலிருந்து முளைப்பது. 1952-ம் ஆண்டில் சோவியத் விஞ்ஞானிகள் அதிலிருந்து கலான்டமின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். பல்கேரியா நாட்டில் டிமித்தர் பாஸ்கோவ் என்பவர் அதனைத் தசைத் தளர்ச்சிக்கும் இளம்பிள்ளைவாதத்தின் பின்விளைவுகளுக்கும் மருந்தாக்கினார். பிற்காலத்தில் அதனை மறதி நோயில் சோதித்தனர். 2000-ம் ஆண்டில் சுவீடனும், 2001-ம் ஆண்டில் அமெரிக்காவும் அதற்கு அனுமதி அளித்தன. டாஃபோடில் என்னும் மஞ்சள் பூச்செடியின் கிழங்கிலும் இப்பொருள் உள்ளது. பிரிட்டனில் வேல்ஸ் நாட்டு மலைச்சாரலில் விவசாயிகள் இதன் பொருட்டே அதனைப் பயிரிட்டுள்ளனர்.

இம்மருந்துகள் எவ்வாறு வேலை செய்கின்றன? நம் வாய்க்காலை நினைத்துக்கொள்வோம். ஒரு நரம்பணுவிலிருந்து அடுத்ததற்குச் செய்தியைக் கொண்டு செல்லும் அசிட்டில்கோலின் என்னும் பொருளே வாய்க்கால் நீர். நோயில் அந்நீர் குறைகிறது. குறைந்த நீரும் நண்டு வளை வழியே ஒழுகுவதைப் போல, ஒரு நொதி அதனை இடைவிடாது சிதைத்துக்கொண்டிருக்கிறது. மேற்சொன்ன மருந்துகள் அந்த நண்டு வளையை அடைக்கின்றன. உள்ள சிறிது நீர் கடைமடை வரை செல்கிறது. ஆனால் ஏரி வற்றிக்கொண்டே வருவதை அவை தடுக்கமாட்டா. ஆகவே இவை நோயை நீக்கும் மருந்துகள் அல்ல. சில காலம் தாங்கி நிற்கும் மருந்துகள். அண்மையில் வெளிநாடுகளில் வந்துள்ள, செடியினின்று பெறாத சில ஊசி மருந்துகளும் நோயின் வேகத்தைச் சற்றுக் குறைப்பவையே. அல்சைமர் நோயை அடியோடு போக்கும் மருந்து இன்றளவும் இல்லை.

சோதனை என்னும் தராசு

புதிய உரம் ஒன்றைப் பற்றி ஒருவர் புகழ்ந்து பேசினால் நாம் என்ன செய்கிறோம்? ஒரே மண்ணில், ஒரே நீரில், ஒரே விதையை இரண்டு பாத்திகளில் விதைத்து, ஒன்றுக்கு உரமிட்டு மற்றொன்றை விட்டுவைத்து, அறுவடையில் அளந்து பார்க்கிறோம். மருந்தையும் அவ்வாறே அளக்கின்றனர். ஒரு சாராருக்கு மருந்தும், மற்றொரு சாராருக்கு மருந்து போலவே தோன்றும் வெறும் மாத்திரையும் கொடுப்பர். யாருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, உண்பவருக்கும் தெரியாது.

கலான்டமினை 978 நோயாளிகளிடம் ஐந்து மாத காலம் இவ்வாறு சோதித்து, 2000-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். 70 மதிப்பெண் கொண்ட நினைவுத் தேர்வில், மருந்துண்டோர் வெறும் மாத்திரை உண்டோரைவிட 3 முதல் 4 மதிப்பெண் அளவு மேம்பட்டிருந்தனர். பெரிய பயன் என்று இதனைச் சொல்வதற்கில்லை. பயனே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. தராசில் நின்ற பயன் இது. ஒரு வேளைக்கு 4 மில்லிகிராம் வீதம் தொடங்கி, வாரக்கணக்கில் சிறிது சிறிதாக உயர்த்தி, மருத்துவரின் மேற்பார்வையில் உண்ண வேண்டிய மருந்து. மிகுந்தால் வாந்தி, எடைக்குறைவு, இருதயத் துடிப்பு மந்தப்படுதல் ஆகிய தீங்குகள் உண்டு. டாஃபோடில் கிழங்கை வெங்காயம் என்று எண்ணி உண்டோர் வாந்தியெடுத்து வருந்தியதும் உண்டு. செடி ஒன்றே, அளவறிந்தால் மருந்து, அளவறியாவிட்டால் நஞ்சு.

இதே தராசில் ஏறி நிற்க இயலாமற் போன செடிகளே மிகுதி. ஜின்கோ என்பது சீன நாட்டு மரம். அதன் இலைச்சாறு நினைவாற்றலைக் காக்கும் என்று உலகெங்கும் விற்கப்பட்டு வந்தது. அமெரிக்காவில் 75 வயது கடந்த 3,069 பேரிடம் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் சோதித்து, 2008-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். வெறும் மாத்திரை உண்டோரில் 246 பேருக்கும், ஜின்கோ உண்டோரில் 277 பேருக்கும் அறிவுத்தேய்வு வந்தது. ஜின்கோ நோயைத் தடுக்கவில்லை என்பதே முடிவு.

நம் மஞ்சளின் நிலை

மஞ்சள் நமக்கு மங்கலப் பொருள்; பலருக்கு வாழ்வளிக்கும் பயிர். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதன் நிறத்துக்குக் காரணமான குர்குமின் என்னும் பொருள் எலிகளின் மூளையில் நோய்ப் படிவைக் குறைப்பதாக ஆய்வுக்கூடங்களில் கண்டபோது உலகமே மஞ்சளை நோக்கித் திரும்பியது. ஹரியானா மாநிலத்துப் பல்லப்கர் கிராமங்களில் அல்சைமர் நோய் குறைவாகத் தோன்றுகிறது என்று 2001-ம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்ததும், மஞ்சள் உண்பதே அதற்குக் காரணம் என்று பலர் எழுதினர். ஆனால் அவ்வாய்வு மஞ்சளைச் சோதித்த ஆய்வன்று. மஞ்சள் இல்லாத சமையலே இல்லாத இந்நாட்டில்தான் 88 லட்சம் பேருக்கு நோய் உள்ளது என்று முன்னர்க் கண்டோம்.

மனிதரிடம் சோதித்ததில் விளைந்தது என்ன? ஹாங்காங்கில் 34 நோயாளிகளுக்கு ஆறு மாதம் கொடுத்து 2008-ம் ஆண்டிலும், அமெரிக்காவில் 36 நோயாளிகளுக்குத் தினம் 2 கிராம் அல்லது 4 கிராம் குர்குமினை 24 வாரம் கொடுத்து 2012-ம் ஆண்டிலும் முடிவுகளை வெளியிட்டனர். இரண்டிலும் பயன் காணவில்லை. வயிற்றில் சென்ற குர்குமின் இரத்தத்தில் மிகச் சிறிதளவே சேர்ந்தது. எளிதில் இரத்தத்தில் கலக்குமாறு செய்யப்பட்ட ஒரு தனி வகையை, நோயில்லாத 40 பேருக்கு 18 மாதம் கொடுத்துப் பார்த்ததில் நினைவாற்றல் சற்று மேம்பட்டது என்று 2018-ம் ஆண்டில் ஓர் அறிக்கை வந்தது. 40 பேர் என்பது சிறு பாத்தி. அதை வைத்து ஊர் முழுவதும் விதைக்க இயலாது. மேலும் மஞ்சளில் குர்குமின் நூற்றுக்கு 3 பங்கு அளவே உள்ளது. 2 கிராம் குர்குமின் வேண்டுமாயின் 60 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் உண்ண வேண்டும். எந்தக் குழம்பில் அவ்வளவு இட முடியும்?

வல்லாரையும் நீர்ப்பிரமியும் அவ்வாறே. வாய்க்கால் ஓரத்து வல்லாரையைத் துவையலாகவும் கூட்டாகவும் உண்பது நன்று. கீரை என்ற முறையில் அதன் சிறப்புக் குறையாது. அறிவுக்கு உகந்த மூலிகைகள் என்று நம் முன்னோர் இவற்றைப் போற்றியதனாலேயே இன்றைய விஞ்ஞானிகளும் இவற்றை எடுத்து ஆராய்கின்றனர். எனினும், அல்சைமர் நோயைத் தீர்ப்பதாக மேற்சொன்ன தராசில் இவை நிறுத்துக் காட்டப்படவில்லை. முன்னோர் சொல் ஆராய்ச்சிக்குத் தொடக்கம், அதுவே முடிவாகாது.

இழப்பது எதனை?

கீரை தின்பதால் கேடென்ன என்று சிலர் வினவலாம். கீரையால் கேடில்லை. ஆயிரக்கணக்கில் பணம் பெற்று, 'மூன்று மாதத்தில் மறதி நீங்கும்' என்று சொல்லித் தரப்படும் டப்பாவால் கேடுண்டு. முதலாவது, பணம் போகிறது. இரண்டாவது, சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் உண்டுவரும் மாத்திரைகளைச் சிலர் நிறுத்திவிடுகின்றனர். மூன்றாவது, எல்லாவற்றினும் பெரிய இழப்பு, காலம் போகிறது.

மறதி எல்லாம் அல்சைமர் நோய் அன்று. தைராய்டு சுரப்பியின் குறைவாலும், பி12 வைட்டமின் குறைவாலும், மனச்சோர்வாலும், வேறு நோய்க்கு உண்ணும் சில மாத்திரைகளாலும், தலையில் அடிபட்டு உள்ளே இரத்தம் தேங்குவதாலும் மறதி வரக்கூடும். இவை பெரும்பாலும் தீர்க்கத் தக்கவை. இரத்தப் பரிசோதனையில் தெரிந்து, குறைந்த செலவில் சீர்ப்படத்தக்க ஒரு தாயார், லேகியத்தை நம்பி ஓராண்டு கழித்தால், அந்த ஓராண்டை யார் திருப்பித் தருவார்கள்? ஆகவே மறதி தென்பட்டவுடன் முதலில் செல்ல வேண்டிய இடம் ஆரம்ப சுகாதார நிலையம். பின்னர் அங்குள்ள டாக்டர் காட்டும் பெரிய ஆஸ்பத்திரி. சித்த மருத்துவரை நாடுவோரும், தகுதி பெற்றுப் பதிவு செய்துகொண்டவரையே நாடுதல் வேண்டும். என்னென்ன மருந்து உண்கிறோம் என்பதை இரு மருத்துவர்களிடமும் ஒளிக்காமல் சொல்லவும் வேண்டும்.

விவசாயிகள் கருத வேண்டியவை

மூலிகைப் பயிரில் பெருலாபம் என்று சொல்லி ஒப்பந்தத்துக்கு வருவோர் உண்டு. ஸ்னோடிராப், கலபார் வரலாறுகளில் விவசாயிகளுக்கும் பாடம் உண்டு. கலான்டமின் உள்ள செடியில், உலர்ந்த இலையின் எடையில் அப்பொருள் நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. வாங்குவோர் இலைக்கு விலை தருவதில்லை. அதிலுள்ள பொருளின் அளவுக்கே தருகின்றனர். ஆய்வுக்கூடத்தில் அதே பொருளைச் செய்யும் வழி தெரிந்தபின் செடிக்குள்ள தேவையும் மாறுகிறது. ஆகவே நடுவதற்கு முன், வாங்குவோர் யார், எந்தச் சோதனையின்படி தரம் பிரிப்பார்கள், என்ன விலை என்பவற்றை எழுத்தில் பெறுதல் அவசியம்.

காட்டுச் செடிகளைப் பறிப்பதிலும் அளவு வேண்டும். பல்கேரியாவில் கலான்டமினுக்காக ஆற்றோரங்களில் பறிக்கப்பட்ட ஒரு செடி அருகி வந்தது. அந்நாட்டு அரசாங்கம் அதனைச் சட்டத்தால் காத்து, பறிக்கும் அளவையும் வரையறுத்தது. நம் ஓடைக்கரைகளிலும் குன்றுகளிலும் உள்ள மூலிகைகளுக்கு நாமே காவலர்.

மஞ்சளைப் பற்றி மேலும் ஒரு சொல். நிறம் பளிச்சென்று தெரிவதற்காகக் காரீயக் குரோமேட்டு என்னும் சாயத்தை மஞ்சளில் சேர்க்கும் தீய வழக்கம் சில இடங்களில் உண்டு. காரீயம் மூளைக்கு நஞ்சு. குழந்தைகளின் அறிவு வளர்ச்சியைக் கெடுப்பது. மூளைக்கு நல்லது என்று புகழப்படும் பொருளே மூளைக்குக் கேடு விளைப்பதாக மாறுதல் எத்துணை வருந்தத்தக்கது! வங்காள தேசத்தில் 2019-ம் ஆண்டில் சந்தையில் எடுத்த மஞ்சள் மாதிரிகளில் நூற்றுக்கு 47-இல் காரீயம் இருந்தது. மக்களுக்கு எச்சரிக்கை செய்து, கலப்படம் செய்தோருக்கு அபராதம் விதித்த பின்னர், 2021-ம் ஆண்டில் எடுத்த மாதிரிகளில் ஒன்றில்கூட அது இல்லை. இரண்டே ஆண்டுகளில் இது நிகழ்ந்தது. வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றிய மஞ்சளின் இயற்கை நிறமே போதும் என்று நாமும் உறுதி கொள்வோமாக.

பஞ்சாயத்துக்களின் கடமை

ஆட்சேபகரமான மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954-ம் ஆண்டிலேயே மத்திய அரசாங்கம் ஒரு சட்டம் இயற்றியது. எந்தெந்த நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யலாகாது என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. மூளை நோய்களும் மூளைக் கோளாறுகளும் அப்பட்டியலில் அடங்கும். ஆகவே சந்தையிலோ திருவிழாவிலோ மறதி நோயைத் தீர்ப்பதாகத் துண்டறிக்கை கொடுத்து விற்போரைக் கண்டால், அத்துண்டறிக்கையுடன் மருந்து ஆய்வாளருக்குப் புகார் அனுப்புவது பஞ்சாயத்தின் கடமை.

இதனினும் சிறந்தது, நோய் வருமுன் காத்தல். அறிவுத்தேய்வில் ஏறத்தாழ நூற்றுக்கு 45 பங்கைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று 2024-ம் ஆண்டில் உலக வல்லுநர் குழு ஒன்று கூறிற்று. அதற்காக 14 காரணங்களை அக்குழு எடுத்துக்காட்டியது. கல்விக் குறைவு, காது கேளாமை, பார்வைக் குறைவு, இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், இரத்தத்தில் கெட்ட கொழுப்பு, புகைபிடித்தல், மிகுந்த மதுப்பழக்கம், தலையில் அடிபடுதல், உடலுழைப்பின்மை, காற்றில் மாசு, மனச்சோர்வு, உடற்பருமன், தனிமை ஆகியவை அவை.

இப்பட்டியலில் பஞ்சாயத்தின் கைக்கு எட்டாதது எது? பெண் குழந்தையின் படிப்பு இடையில் நின்றுபோகாமல் காக்கலாம். கண், காது பரிசோதனை முகாமுக்கு முதியோரை அழைத்து வரலாம். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளவில் உள்ளனவா என்று கிராம சுகாதார செவிலியரைக் கொண்டு பார்க்கச் செய்யலாம். தலைக்கவசம் அணியாமல் வண்டியோட்டும் இளைஞரைத் தடுத்துச் சொல்லலாம். தனித்து வாழும் முதியோரை மாலை வேளையில் படிப்பகத்துக்கோ ஆலமரத்தடிக்கோ அழைத்துப் பேசவைக்கலாம். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை, சிரத்தை வேண்டும்.

நோய் வந்துவிட்ட வீடுகளையும் நாம் மறத்தலாகாது. அத்தகையவரை இரவும் பகலும் காத்து நிற்பவர் பெரும்பாலும் அவ்வீட்டு மனைவியோ மகளோ மருமகளோ ஆவார். அப்பெண்மணிக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கிடைக்குமாறு அண்டை வீட்டார் முறை வைத்து உதவலாம். வழி தவறி அலையும் முதியவரைக் கேலி செய்யாமல் கைப்பிடித்து வீடு சேர்க்கச் சிறுவர்களுக்குப் பள்ளியிலேயே கற்பிக்கலாம்.

அன்பர்களே! நாளை இம்மண்ணில் முளைக்கும் ஒரு செடியிலிருந்தே இந்நோய்க்குரிய மருந்து பிறக்கலாம், அவ்வாறாயின் மகிழ்வோம். அதுவரை, நிறுத்துப் பார்க்காத பொடியை மருந்தென்று நம்பி நம் பெரியோரின் காலத்தை வீணாக்கலாகாது. அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்தில் நம் ஊரின் முதியோர் பட்டியலை எடுத்து, மறதியால் வருந்துவோர் எவரெவர், அவர்களுள் இதுவரை மருத்துவரைக் காணாதோர் எவர் என்று கணக்கெடுப்போமாக. அக்கணக்கிலிருந்தே நம் பணி தொடங்குக.